குவெரி ஸ்லோவா? இண்டெக்ஸ் போடுறதுக்கு முன்னாடி பிளானைப் படிங்க

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஒரு குவெரி (டேட்டாபேஸுக்கு நாம குடுக்குற கட்டளை) இழுத்தடிச்சா உடனே இண்டெக்ஸ் (வேணும்ங்கிறதை சீக்கிரம் தேட உதவுற பட்டியல்) போட ஓடாதீங்க, முதல்ல குவெரிக்கு முன்னாடி எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்னு சேர்த்து ஓட்டுங்க, டேட்டாவை எந்த வழியில எடுத்துச்சுங்கிற பிளானைக் காட்டும். கவனம், இது குவெரியை நிஜமாவே ஓட்டும், அப்டேட், டெலீட்னா பிகின் போட்டு ஓட்டிட்டு ரோல்பேக் பண்ணி மாத்தினதை ரத்து பண்ணிடுங்க.

வர்ற அவுட்புட்ல ரொம்ப உள்ள தள்ளி இருக்குற லைன்லேருந்து வெளிய படிச்சுட்டு வாங்க. எல்லாரும் நேரா காஸ்ட்டைத்தான் (செலவு மதிப்பீடு) பாப்பாங்க, ஆனா அது மில்லிசெகண்ட் கிடையாது, ஒரு 8 கேபி பேஜை வரிசையா படிச்சா 1, தாவிப்போய் படிச்சா 4ன்னு டீஃபால்ட்டா வச்சு போடுற கணக்கு.

நீங்க பாக்க வேண்டியது ரோஸ் (rows), அதாவது எத்தனை வரிசைன்னு. ஒவ்வொரு லைன்லயும் ரெண்டு தடவை வரும், முதல்ல பிளானர் (பிளானைத் தேர்ந்தெடுக்கிற பகுதி) எதிர்பார்த்தது, அடுத்தது நிஜமா வந்தது (லூப்ஸ், அதாவது அந்த லைன் எத்தனை தடவை ஓடுச்சுங்கிறது, 1க்கு மேல இருந்தா அதால பெருக்கிக்கோங்க). 10 ரோ வரும்னு நம்பி நெஸ்டட் லூப் (ஒரு டேபிளோட ஒவ்வொரு ரோவுக்கும் இன்னொரு டேபிளைத் தேடுற முறை) எடுத்துடும், நிஜத்துல 2 லட்சம் வந்துச்சுன்னா உள்ள இருக்குற டேபிளை 2 லட்சம் தடவை தேடும், அங்கதான் நேரம் பூரா போகுது.

என்ன வேணும்னு மட்டும் நாம சொன்னா போதும், எப்படி எடுக்கணும்னு சிஸ்டம் பாத்துக்கணும்ங்கிறது 1970ல ஐபிஎம்ல இருந்த எட்கர் காட் சொன்னது. அதுக்கு வழி காட்டினது அதே ஐபிஎம்மோட சிஸ்டம் ஆர் டீம், 1979ல பாட்ரிஷியா செலிஞ்சரும் கூட இருந்தவங்களும் எழுதின பேப்பர்: டேபிள்ல இருக்குற டேட்டாவோட புள்ளிவிவரத்தை வச்சு ஒவ்வொரு வழிக்கும் செலவு போட்டு, குறைச்சலானதை எடு. அந்த பேப்பர் மேல எனக்கு அவ்ளோ மரியாதை, இன்னிக்கும் போஸ்ட்கிரெஸ் பிளானர் அந்த வழியிலதான் போகுது.

அப்போ புள்ளிவிவரம் பழசா இருந்தா பிளானும் தப்பாதான் வரும். மொத்தமா டேட்டா ஏத்தினதும் ஆட்டோவேக்குவம் (பின்னணியில தானா ஓடி புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கிற வேலை) வரட்டும்னு காத்திருக்காம நீங்களே அந்த டேபிளுக்கு அனலைஸ் (புள்ளிவிவரத்தைப் புதுசா எடுக்கிற தனி கட்டளை) குடுங்க. அப்பவும் எஸ்டிமேட் எகிறுதுன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டின காலம் (column) இருக்கான்னு பாருங்க. கார் மாடல் தெரிஞ்சா கம்பெனி தானா தெரிஞ்சிடும், ஆனா பிளானர் ரெண்டையும் தனித்தனியா நினைச்சு பெருக்கி எஸ்டிமேட்டை ரொம்ப குறைச்சிடும், அதுக்கு கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு ஒரு கட்டளை இருக்கு, வெர்ஷன் 10லேருந்து. போட்டதுக்கப்புறம் திரும்ப அனலைஸ்.

எஸ்டிமேட் சரியா இருந்தும் ஸ்லோன்னா ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்டர் பாருங்க. லட்சக்கணக்குல படிச்சு தூக்கிப்போட்டு அஞ்சாறுதான் மிஞ்சுதுன்னா இப்போ தாராளமா இண்டெக்ஸ் போடுங்க, லைவ் சர்வர்னா கன்கரன்ட்லி சேர்த்து போடுங்க, இல்லன்னா அது முடியிற வரைக்கும் அந்த டேபிள்ல யாரும் எழுத முடியாது.