கபடி ராத்திரியும் வெளுத்த முகங்களும்

ஊர்த் திருவிழாக் கபடியை முதல் தடவை எடுத்தபோது ஒரு படம்கூடத் தேறவில்லை. ரெய்டு போனவர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஃபோகஸோ பின்னால் வேடிக்கை பார்த்த பெரியவர் மேல். அவர் மீசையை எண்ணிவிடலாம்!

முகம் வெளுத்ததற்குக் காரணம் இருட்டு. மொத்தக் காட்சியின் வெளிச்சத்தையும் அளக்கும் கேமராவின் மீட்டரிங், கறுத்த பின்னணியைப் பார்த்து படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. ஃப்ளட்லைட் வெளிச்சம் ஆட்டம் முடியும்வரை பெரிதாக மாறப்போவதில்லை. அதனால் சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் ஒரு முகத்தை அளந்து, மேனுவலில் ஷட்டர் 1/800 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 6400 என்று வைத்துவிட்டு அப்புறம் தொடவே இல்லை.

ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுப்பதை நிறுத்தினேன். நகரும் ஆளை விடாமல் பின்பற்றும் தொடர் ஃபோகஸ், ஃபோகஸுக்கு நடுவில் ஒரு சின்னப் பகுதி, ஃபோகஸை இயக்கும் பின்பக்கப் பொத்தானில் கட்டைவிரல். விரல் பழக இரண்டு ஆட்டம் பிடித்தது. மூன்றாவதில், நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்த கையில் ஒட்டியிருந்த மண்கூடத் தெரிந்தது.