550-க்கு வழிவிடாத 535

உபுண்டு லினக்ஸ் 22.04-இல் என்விடியா கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை 535 வரிசையிலிருந்து 550-க்கு மாற்றப் பார்த்தேன். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் மறுத்துவிட்டது. சார்புகள் நிறைவேறவில்லை, ஹோல்டில் வைத்த, அதாவது பதிப்பு மாறாமல் பூட்டிவைத்த, பேக்கேஜ்கள் இருக்கின்றன என்றது. துப்பு அந்தக் கடைசிப் பகுதியில்தான். அதைக் கவனிக்காமல் எதையெதையோ வலுக்கட்டாயமாக நீக்கினால் கருப்புத் திரைதான் மிஞ்சும்.

அப்படிப் பூட்டியவற்றைக் காட்டும் ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ கட்டளையைக் கொடுத்தேன். ஒரே ஒரு வரி வந்தது: லிப்என்விடியா-ஜிஎல்-535, ஐ386. ஸ்டீம் விளையாட்டுகளுக்காக வந்த 32-பிட் நூலகம் அது. 535, 550 ஆகிய இரண்டு வரிசைகளின் நூலகங்களும் ஒரே கணினியில் சேர்ந்திருக்க முடியாது. 32-பிட்டும் 64-பிட்டும் அச்சுப் பிசகாமல் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். அந்த ஒரு பேக்கேஜ் நகராததால் மற்ற எதுவும் நகரவில்லை.

‘அன்ஹோல்ட்’ கொடுத்து விடுவித்தேன். அப்புறம் என்விடியா பேக்கேஜ்களை மொத்தமாகப் பர்ஜ் செய்து, அதாவது அமைப்புக் கோப்புகளோடு நீக்கி, ரீபூட் செய்தேன். திரையை நோவோ எடுத்துக்கொண்டது. வேகம் குறைவு என்று பலர் இந்தத் திறமூல டிரைவரை ஒதுக்குகிறார்கள். ஆனால் இந்த மாதிரி நேரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு திரை தருவது அதுதான். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, டிரைவரைக் கர்னலுக்கு ஏற்பக் கட்டமைக்க உதவும் கர்னல் ஹெடர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு 550-ஐ நிறுவினேன். நோவோவைத் தடுக்கும் கோப்பை அந்தப் பேக்கேஜ்களே போட்டுவிடும், நாம் தனியாக எழுத வேண்டியதில்லை. ரீபூட்டுக்குப் பின், டிரைவரின் நிலையைச் சொல்லும் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளை 550 என்று காட்டியது. ஸ்டீமுக்கான 32-பிட் நூலகத்தையும் அதே 550-இல் சேர்த்துக்கொண்டேன், இந்த முறை ஹோல்ட் எதுவும் வைக்காமல்.