பிள்ளைக்குச் சூத்தைப் பல்லா? பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கும் நெல்லைக்காரர்களுக்கு

ஊசி போடாமல், துளைக்காமல், ஒரு மருந்தைத் தொட்டு வைத்து பல் டாக்டர் அனுப்பிவிடுவார். இரண்டு நாளில் பல் கருத்துவிடும். பாளையங்கோட்டையிலிருந்து ஆச்சி வீடியோ காலில் பார்த்துவிட்டு, "ஏட்டி, பிள்ள பல்ல என்னத்த பண்ணி வச்சிருக்காவ?" என்பாள். பதற வேண்டாம், மருந்து பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் பதிவு. ஜி.பி.யிடம் (வட்டாரப் பொது டாக்டர்) பதிந்தது பல்லுக்குச் செல்லாது. என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) பார்க்கும் பல் டாக்டர் புதியவர்களைச் சேர்க்கிறாரா என்று போன் போட்டுக் கேளுங்கள்; நாலைந்து இடம் அலைய வேண்டியிருக்கும். 18 வயதுக்குள் வைத்தியம் இலவசம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள்.

கருக்கும் மருந்து சில்வர் டயமைன் ஃபுளோரைடு, பெரும்பாலும் 38 சதவீதம். உதட்டில் வாசலின் தடவி, பல்லைக் காயவைத்து, ஒரு நிமிடம் போலத் தொட்டு வைப்பார்கள். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும். சூத்தை மட்டுமே கருக்கும், நல்ல எனாமல் கருக்காது. கருப்பாகக் கெட்டிப்பட்டால் சூத்தை நின்றுவிட்டது. மெதுமெதுவென்றே இருந்தால் மறுபடி வைக்க வேண்டும். உதட்டில் பட்ட கறை சில நாளில் தானே போகும். வெள்ளி ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். முன்பல் என்றால் கறை வெளியே தெரியும், யோசித்துச் சம்மதியுங்கள்.

கடைவாய்ப் பல்லுக்கு எஃகுத் தொப்பி நல்லது. சூத்தையைச் சுரண்டாமலே சிமெண்ட் வைத்து அழுத்தி மாட்டுவார்கள். உள்ளே மாட்டிய கிருமிக்கு இனிப்பு கிடைக்காமல் அடங்கும். இடமில்லாவிட்டால் சில நாள் முன்பே பல்லிடுக்கில் சின்ன ரப்பர் வளையம் வைப்பார்கள். மாட்டியதும் கடி உயர்ந்தாற்போல் இருக்கும், சில வாரத்தில் படிந்துவிடும். 'பால் பல்தானே, விழுந்திரும்' என்று விட்டுவிடாதீர்கள். கடைவாய்ப் பால் பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியது.

இரவில் தானாக வலித்து எழுந்தாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் வந்தாலோ கருக்கும் மருந்து, எஃகுத் தொப்பி இரண்டுமே உதவாது. நரம்பு வரை போய்விட்டது. உடனே பல் டாக்டரைக் கூப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் என்.எச்.எஸ். உதவி எண் 111. முகம் வீங்கி மூச்சோ விழுங்குவதோ சிரமப்பட்டால் அவசர எண் 999.

வீட்டில்: ஊரிலிருந்து பெட்டியில் வந்த குழந்தைப் பேஸ்டின் அட்டையைப் பாருங்கள், சிலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. குறைந்தது 1,000 பி.பி.எம். (ppm, பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃபுளோரைடு வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதன்பின் பட்டாணி அளவு. துப்பச் சொல்லுங்கள், கொப்பளிக்க வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டியும் பல்லுக்குச் சீனிதான். அதைப் பாலில் கரைத்து பாட்டிலோடு தூங்கவைப்பதுதான் முன்பல் வரிசையாக அரிக்கக் காரணம். அல்வா பார்சல் வந்தால் சாப்பாட்டோடு கொடுத்து முடியுங்கள், நாள் பூராவும் கிள்ளிக் கிள்ளிக் கொடுக்காதீர்கள்.