குறைமாதக் குழந்தையின் தொடர் பரிசோதனைகளைத் தவறவிடாமல் இருக்க

டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அடுத்தடுத்த பரிசோதனைத் தேதிகளை எழுதி வாங்கிவிடுங்கள், அப்புறம் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அது தள்ளிக்கொண்டேதான் போகும். கண் பரிசோதனைதான் ரொம்ப அவசரம்: விழித்திரை பாதிப்பு வெளியே தெரியாது, குழந்தை நன்றாகப் பார்ப்பதுபோலவே இருக்கும், முற்றிவிட்டால் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கியாக வேண்டும், அதனால் அந்தத் தேதியை மட்டும் எதற்காகவும் மாற்றாதீர்கள். காது கேட்கும் சோதனை 1 மாதத்துக்குள், சந்தேகம் வந்தால் 3 மாதத்துக்குள் முழுப் பரிசோதனை. வளர்ச்சியை 2 வயது வரை திருத்திய வயதில்தான், அதாவது எத்தனை வாரம் முன்பே பிறந்ததோ அதைக் கழித்த வயதில்தான் பார்க்க வேண்டும். 8 வாரம் முன்பே பிறந்த குழந்தைக்கு 6 மாதம் ஆகிறது என்றால் 4 மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் சரி (ஒப்பிட்டுப் பேசும் சொந்தக்காரர்களை விட்டுத்தள்ளுங்கள்). தடுப்பூசிக்குப் பொதுவாகப் பிறந்த தேதிதான் கணக்கு. ஒரு தேதிக்குப் போக முடியாவிட்டால் அன்றே கூப்பிட்டு வேறு தேதி வாங்குங்கள், தாமதமாகிவிட்டதே என்று கூச்சப்பட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.