குசினித் தண்ணீருக்கு ஒரு கல்வாழைப் பாத்தி

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து கடல் பத்து நிமிட நடை. மீன் கழுவிய தண்ணீரும் உடுப்புத் தோய்த்த தண்ணீரும் முன்பு கானுக்குள் இறங்கிக் கடலுக்குத்தான் போயின. அதிலுள்ள நைதரசனும் பொசுபரசும் கடற்பாசியைப் பெருக்கும். பாசி மூடிய முருகைக்கல்லுக்கு வெளிச்சம் கிடைக்காது, புது முருகைக் குஞ்சுகளும் அதில் ஒட்டாது. அதை அறிந்தபிறகு எனக்கு மனம் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரைச் சுத்தமாக்கக் கல்லு நிரப்பிய கல்வாழைப் பாத்தி ஒன்று அமைத்தேன்.

பின்வளவில் 4 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 60 சதமமீற்றர் ஆழத்தில் குழி வெட்டுங்கள். கிணற்றுக்குக் கிட்ட வேண்டாம். தடித்த பொலித்தீனை மடிப்பில்லாமல் விரித்து, கழுவிய சல்லிக்கல்லை நிரப்புங்கள். மண்ணோடு கொட்டினால் சீக்கிரம் அடைத்துவிடும். நான் முதல்தரம் அப்படிச் செய்து, முழுவதையும் அள்ளிக் கழுவ வேண்டி வந்தது.

தண்ணீர் முதலில் ஒரு மூடிய தொட்டிக்குள் போகட்டும். எண்ணெய் மேலே திரளும், சோற்றுப்பருக்கை அடியில் தங்கும். வாரம் ஒருமுறை வழித்தெடுங்கள்.

மிக முக்கியமானது நீர்மட்டம். தண்ணீர் வெளியேறும் கடைசிப் பக்கத்தில் வளைகுழாய் பூட்டி, தண்ணீர் கல்லின் மேற்பரப்புக்கு 5 சதமமீற்றர் கீழே நிற்கும்படி வையுங்கள். மேலே தெரிந்தால் நுளம்பு முட்டையிடும். கொழும்பில் டெங்குக்கு இடம் கொடுக்கக் கூடாது.

கல்வாழையை இரண்டு சாண் இடைவெளியில் நடுங்கள். வேரில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும், செடி உரத்தை உறிஞ்சும். எங்கள் நாலு பேரின் தண்ணீர் மூன்று நாளளவு உள்ளே தங்கி, நாற்றமில்லாமல் வெளிவருகிறது. அதை வாழைக்கும் முருங்கைக்கும் விடுகிறேன். வல்லாரைக்கு விடமாட்டேன், பச்சையாகச் சம்பல் போடுவதால். மலசலகூடத் தண்ணீரை இதற்குள் திருப்பவே வேண்டாம்.