கதையை ஓட்டுவது ஆசையும் வீம்பும்

கதை எழுத வருகிறவர்கள் என்னிடம் முதலில் காட்டுவது பாத்திரத்தின் ஜாதகத்தை: வயது, உயரம், பிடித்த நிறம். நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். இந்த ஆளுக்கு என்ன வேண்டும்? எதை விட்டுக்கொடுக்க மாட்டார்?

ஒரு முதிய தையல்காரரை வைத்துப் பார்ப்போம். பார்வை மங்கிவருகிறது. அது யாருக்கும் தெரியாமல் தொழிலைத் தொடர வேண்டும் என்பது அவர் ஆசை. இதோடு நிறுத்தினால் வாசகருக்கு இரக்கம் வரும், கதை வராது. "கோணல் தையல் என் கையிலிருந்து வெளியே போகாது" என்ற வீம்பையும் கொடுங்கள். இனி அவர் தைக்கும் ஒவ்வொரு சட்டையிலும் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

'பார்வை குறைந்துவிட்டது' என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். ஊசியில் நூல் கோக்கும் வேலையை விளையாட்டுப்போலப் பேரனிடம் தள்ளட்டும். வாசகர் தானாகக் கண்டுபிடிக்கட்டும்.

எதிரே நிற்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. மருமகள் ராத்திரியில் அவருக்குத் தெரியாமல் கோணலைப் பிரித்துத் தைக்கிறாள். அன்பினால் செய்கிறாள், அதுவே அவரை அம்பலமாக்கப் போகிறது. இப்படிப்பட்ட எதிர்ப்புதான் எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும்போது வாசகரால் ஒதுங்கி நிற்க முடியாது.

எழுதியபின் காட்சிகளுக்கு நடுவே 'அதனால்' அல்லது 'ஆனால்' போட்டுப் படியுங்கள். 'அப்புறம்' மட்டுமே பொருந்துகிற இடத்தில் காரணத்தைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் காட்சியை வெட்டுங்கள். தற்செயல் ஒருவரைச் சிக்கலில் மாட்டிவிடலாம். சிக்கலிலிருந்து தூக்கிவிடக் கூடாது.

உச்சக்கட்டம் அவருடைய பெருமிதத்தின் மேலேயே விழ வேண்டும். சிலப்பதிகாரத்தில் பாண்டியனை எந்தப் படையும் வீழ்த்தவில்லை. பொற்கொல்லன் பேச்சை விசாரிக்காமல் நம்பிவிட்டான். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். நீதி தவறாதவன் என்ற நினைப்பிலேயே வாழ்ந்தவனுக்கு அதன்பின் உயிர் தரிக்கவில்லை. அந்தச் சாவை நாம் நம்புவது அதனால்தான்.

நம் தையல்காரருக்கும் அப்படி ஒரு கணம் வேண்டும். மருமகள் தைத்த சட்டையை ஒருவர் கையில் வாங்கி, "உங்கள் கைக்கு ஈடு உண்டா!" என்கிறார். தையல்காரர் தலையாட்டுவதாக ஒரு முறையும், உண்மையைச் சொல்வதாக ஒரு முறையும் எழுதிப் பாருங்கள். எதில் அவருக்கு இழப்பு அதிகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.