தபால் வாக்கும் அஞ்சல் முத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் தபால் வழியாக வாக்களிப்பவர்களில் பலர், யாருக்கு வாக்களிப்பது என்று யோசிப்பதில் காட்டும் அக்கறையை, ஒட்டிய உறையை எந்த நாளில் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில் காட்டுவதில்லை. முத்திரைத் தேதி ஒரே ஒரு நாள் பிந்திப்போனால், அந்த உறை பிரிக்கப்படாமலேயே ஒதுக்கப்படலாம்.

2024 ஜூன் மாதம் யூட்டா மாநிலத்தின் இரண்டாவது நாடாளுமன்றத் தொகுதியில் நடந்த குடியரசுக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், மறு எண்ணிக்கைக்குப் பிறகு செலஸ்ட் மலோய் 176 வாக்கு வித்தியாசத்தில் கோல்பி ஜென்கின்ஸை வென்றார். முத்திரைத் தேதி பிந்தியதால் அத்தொகுதியில் தள்ளுபடியான உறைகளோ ஆயிரத்தைத் தாண்டின. தேர்தலுக்கு முந்தைய நாளுக்குள் முத்திரை விழுந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. தெற்கு யூட்டாவின் கடிதங்கள் பக்கத்து மாநிலத்தின் லாஸ் வேகஸ் நகருக்குப் போய் அங்கே முத்திரை பெறுவதால், உரிய நாளில் தபாலில் சேர்த்தவர்களும் வாக்கை இழந்தார்கள் என்று ஜென்கின்ஸ் தரப்பு வாதிட்டது. மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

தபாலில் போட்ட நாளே முத்திரையில் வரும் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கடிதங்களைப் பிரித்து அனுப்பும் மையத்தில் இயந்திரம் அந்த உறையைத் தொடும் நாளே பெரும்பாலும் அதில் பதிவாகிறது. அம்மையங்களிலிருந்து 50 மைலுக்கு அப்பால் உள்ள பல அஞ்சலகங்களில், அன்றன்று சேரும் கடிதங்களை மறுநாள் எடுத்துச் செல்லும் முறை அண்மையில் வந்திருக்கிறது. முத்திரைத் தேதியும் கடிதம் அஞ்சல் துறையின் கைக்கு வந்த தேதியும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதை, 2025 டிசம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்த விதியில் அத்துறையே எழுத்தில் வைத்துவிட்டது. தெருமுனையில் நிற்கும் நீலத் தபால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிறு தாளைப் படித்துப் பாருங்கள். கடைசியாகக் கடிதம் எடுக்கும் நேரம் மாலை 5 மணி என்று அதில் இருந்தால், 6 மணிக்கு நீங்கள் போடும் உறை அன்றிரவு அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். கடைசி நாட்களில் தபாலை நம்பித்தான் ஆகவேண்டும் என்றால், அஞ்சலகத்துக்குள் சென்று கவுன்டரில் உறையை நீட்டி, கையால் முத்திரை குத்தித் தரும்படி கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளவும் முடியும்.

முத்திரை சரியாக இருந்தால் எந்த மாநிலத்திலும் வாக்கு செல்லும் என்று எண்ணுவதும் பலர் செய்யும் பிழை. 2024 பொதுத் தேர்தலில், தேர்தல் நாளுக்குள் முத்திரை பெற்ற உறைகள் வந்து சேரக் கலிஃபோர்னியா ஏழு நாள் அவகாசம் தந்தது. டெக்சாஸ் மறுநாள் மாலை 5 மணிவரை மட்டுமே தந்தது. பென்சில்வேனியாவில் தேர்தல் நாளன்று இரவு 8 மணிக்குள் உறை அலுவலகத்தை அடைந்திருக்க வேண்டும் என்பதால் முத்திரை எதற்கும் உதவவில்லை. கேன்சஸ், வடக்கு டகோட்டா, யூட்டா, ஒஹாயோ ஆகிய மாநிலங்கள் அத்தகைய அவகாசத்தை நீக்கி 2025இல் சட்டம் இயற்றின. மிசிசிப்பி மாநிலத்தின் ஐந்து வேலைநாள் அவகாசம் செல்லுமா என்ற வழக்கை அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆகவே சென்ற தேர்தலின் நினைவையோ வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினர் சொல்வதையோ வைத்து முடிவெடுக்காமல், ஒவ்வொரு முறையும் உங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) தேர்தல் அலுவலகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம்.

அலுவலக இயந்திரத்திலோ இணையத்திலோ அச்சிட்டு ஒட்டும் தபால் கட்டண வில்லையில் தேதி இருப்பதைக் கண்டு, அதுவே முத்திரை என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அது கட்டணம் செலுத்தியதற்கான அடையாளமே தவிர, உறை அஞ்சல் துறையின் கைக்குப் போனதற்கான சான்று ஆகாது.

உறையின் மேல் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி எழுதும் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். முத்திரையே விழாமலோ மை கலைந்து படிக்க முடியாமலோ போகும் உறைகள் உண்டு. அப்படிப்பட்ட நிலையில் கலிஃபோர்னியா போன்ற மாநிலத்தில் வாக்காளர் தம் கையால் எழுதிய தேதியைத்தான் அலுவலர் பார்க்கிறார். அரை நிமிட வேலை அது. அதை விட்டதற்காக ஒருவருடைய வாக்கு வீணாவது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பாவது அனுப்பிவிடும்படி அஞ்சல் துறை கேட்டுக்கொள்கிறது. அந்த வாரமும் தொடங்கி உறை இன்னும் சாப்பாட்டு மேசையிலேயே இருந்தால், தபாலை விட்டுவிட்டு, மாநிலம் அனுமதித்தால் தேர்தல் அலுவலகம் வைத்திருக்கும் டிராப் பாக்ஸில் நேரே கொண்டுபோய்ப் போடுங்கள். அதில் விழும் உறைக்கு முத்திரை தேவையில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் அந்தப் பெட்டிகள் தேர்தல் நாளன்று இரவு 8 மணிவரை திறந்திருக்கும்.